ஜோடி மாறிய தடம்

போன வாரம், நான் கடைசியாக வேலை பார்த்த மலையிலிருந்து போன் வந்தது. பேசியவன் புதிதாகச் சேர்ந்த வனக்காவலன். கார்டு என்றுதான் நாங்கள் சொல்வோம். சுற்றுலா வருகிறவர்கள் கூடாரம் போட்டுத் தங்கும் இடத்தில் கேமரா பொருத்திவிட்டார்கள் என்று சந்தோஷமாகச் சொன்னான்.

“இனிமே யாரையும் சந்தேகப்பட வேணாம் சார். எல்லாம் போன்லியே தெரிஞ்சிடும்.”

“கேமராவ யாருப்பா மாட்டனது?”

“காண்ட்ராக்ட் ஆளுங்க சார்.”

“அவங்க மாட்டும்போது அவங்கள யாரு பாத்துக்கினு இருந்தது?”

சிரித்து மழுப்பினான். பிறகு, “அந்தச் சந்தன மரத்து விஷயத்த எப்டி சார் கண்டுபுடிச்சீங்க? இங்க ஆளுக்கு ஒரு மாதிரி சொல்றாங்க. எழுதிக் குடுங்க சார், நாங்க படிக்கிறோம்” என்றான். எதற்குக் கேட்கிறான் என்றுதான் முதலில் யோசித்தேன். வேறு யாராவது கேட்கச் சொல்லியிருப்பார்களோ என்றும் யோசித்தேன். பக்கத்தில் இருந்த என் மனைவிக்குப் புரிந்துவிட்டது. “ரிடையர் ஆயும் இந்தப் புத்தி போவல பாரு. ஆசையா கேக்குது அந்தப் புள்ள. எழுதிக் குடுத்தா இன்னா கொறஞ்சிடப் போவுது?” என்றாள்.

எழுதுகிறேன். மலையின் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த சனிக்கிழமையே டென்ட் புக் பண்ணிக்கொண்டு வந்து, எந்த மரம் என்று தேடுவீர்கள்.

நான் ஆம்பூர்க்காரன். அப்பா டேனரியில் தோல் அலசினார். அம்மா ஷூ கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷன். இடது கால் ஷூவும் வலது கால் ஷூவும் ஒரே ஜோடிதானா என்று பார்த்துப் பெட்டியில் வைத்து மூடுவது அவள் வேலை. வீட்டிலும் அந்தப் பழக்கம் போகாது. வாசலில் விருந்தாளி கழற்றிவிட்ட செருப்பைக்கூட ஜோடி சேர்த்து வைத்துவிட்டுத்தான் “வாங்க” என்பாள். எங்கள் தெருவில் எல்லோரும் கம்பெனி பஸ் ஏறினார்கள். நான் மட்டும் காட்டு வேலைக்குப் போனேன். கார்டாகச் சேர்ந்து, பிறகு பாரஸ்டர் ஆனேன். பயிற்சியில் மரம், மிருகம், சட்டம் மூன்றையும் சொல்லிக் கொடுத்தார்கள். ஆளைப் பற்றி ஒன்றும் சொல்லித்தரவில்லை. காட்டில் கரடி நம்மைக் கண்டு ஒதுங்கிப் போய்விடும். ஒதுங்காமல் சிரித்துக்கொண்டே கிட்டே வருகிறவனிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அதை நானாகத்தான் கற்றுக்கொண்டேன்.

வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு மலை என்றால் எல்லாம் ஒரே மலைதான். எங்களுக்கு அப்படி இல்லை. அடிவாரத்தில் கேட்டை ஒட்டி இருந்தது கீழ்ப் பூங்கா. ஊஞ்சல், சறுக்கு மரம், சிமெண்டில் செய்த யானை, கம்பி வேலிக்குள் புள்ளிமான்கள். ஞாயிற்றுக்கிழமை ஆம்பூரிலிருந்தும் பேரணாம்பட்டிலிருந்தும் குடும்பம் குடும்பமாக, தேக்சாப் பாத்திரம் நிறையப் பிரியாணியோடு வந்து இறங்குவார்கள். அங்கே சந்தேகப்பட வேண்டியது கையை. யார் கை வேலிக்குள் போகிறது, அதில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் கத்திரிக்காயை மானுக்கு ஊட்டிய அம்மாவைப் பார்த்திருக்கிறேன். ஆற்காட்டிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் மக்கன் பேடா இனிப்பை வேலிக்குள் நீட்டிக்கொண்டு, “சுத்தமான நெய்யி சார், ஒண்ணும் செய்யாது” என்று மானுக்காக என்னிடம் சிபாரிசு செய்தார்.

அதற்கு மேலே அருவிப் பூங்கா. பகலில் மட்டும்தான் அனுமதி. குளிக்கலாம், கொண்டுவந்ததைச் சாப்பிடலாம். அடுப்பு மூட்டக்கூடாது, வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிட வேண்டும். அங்கே சந்தேகப்பட வேண்டியது பையை. தண்ணீர் பாட்டிலாக இருந்தாலும் மூடியைத் திறந்து மோந்து பார்த்துத்தான் மேலே விடுவேன். காலேஜ் பையன்கள் எனக்கு ‘மூக்கு’ என்று பெயர் வைத்திருந்தார்கள். நல்ல பெயர்தான், எனக்குக் கோபம் இல்லை.

மலை உச்சியில், மலைக் கிராமத்தை ஒட்டி டென்ட் கிரவுண்டு. சனி ஞாயிறு தங்கலாம். கூடாரங்கள் ஒரு காண்ட்ராக்டருடையவை. சமையல் கிராமத்துப் பெண்களுடையது. சாமைச் சோறும் கொள்ளுக் குழம்பும் சாப்பிட்டுவிட்டு, பெங்களூர்க்காரர்கள் செய்முறை கேட்டு எழுதிக்கொண்டு போவார்கள். தீ என்றால் சமையல் கொட்டகை அடுப்பில் மட்டும். குப்பையை அவரவர் கீழே எடுத்துப்போக வேண்டும். இன்னொரு விதி, நான் கொண்டுவந்தது: ஷூ கூடாரத்துக்குள் போகக்கூடாது. வாசலில் கழற்றி, அங்கே நட்டிருக்கும் இரண்டு குச்சிகளில் அடிப்பக்கம் மேலே தெரியும்படி கவிழ்த்து மாட்ட வேண்டும். நேராக விட்டால் விடிவதற்குள் தேள் குடியேறிவிடும். முதலில் சிரிப்பார்கள். ஒரு தேளைப் பார்த்துவிட்டால் ஒழுங்காக மாட்டுவார்கள்.

கிரவுண்டுக்குப் பின்னால் காப்புக்காடு. நடுவில் சுவர் இல்லை, வேலி இல்லை. வெள்ளையடித்த கற்கள் வரிசையாக இருக்கும், அவ்வளவுதான். கல்லுக்கு இந்தப் பக்கம் நின்றால் நீங்கள் விருந்தாளி, அந்தப் பக்கம் கால் வைத்தால் கேஸ். சர்க்கார் இதை எல்லை என்று சொல்கிறது. எனக்கு அது கதவில்லாத வீடாகத்தான் தெரிந்தது.

எங்களுக்கு ரேஞ்சராக அப்போது ஒரு அம்மா வந்திருந்தார். மேடம் என்று சொன்னால் போதும், மலையில் எல்லோருக்கும் தெரியும். நாம் ஒன்றைச் சொன்னால் ஆமாம் என்றும் சொல்ல மாட்டார், இல்லை என்றும் சொல்ல மாட்டார். திரும்பி நின்று மலையைப் பார்த்துக்கொண்டு, “சரி, அப்புறம்?” என்பார். சொன்னதையே கொஞ்சம் நீட்டிச் சொன்னால் மறுபடியும், “சரி, அப்புறம்?” மூன்றாவது தடவைக்குள் பொய் சொல்கிறவன் புதிதாக எதையாவது சேர்த்துவிடுவான். உடனே திரும்பிப் பார்ப்பார். அவர் திரும்பாமலே அனுப்பிவிட்டால் நாம் பிழைத்தோம் என்று அர்த்தம். மற்றவர்கள் அவரைக் கண்டு நடுங்கினார்கள். எனக்கு மட்டும் அவரைப் பிடித்திருந்தது. என்னைப் போலவே யாரையும் நம்பாத ஒருவர் மேலே இருப்பது எவ்வளவு நிம்மதி தெரியுமா?

இந்தக் கதையின் ஆள் சடையப்பன். அந்த மலைக் கிராமத்துக்காரன், எங்களிடம் தினக்கூலி வாட்சர். டென்ட் கிரவுண்டில் காவல் இருப்பான். காலையில் விருந்தாளிகளை நடத்திக்கொண்டு போய் மரம், பறவை எல்லாம் காட்டுவான். வருஷக்கணக்காக இன்று இருக்கும் நாளை இருக்காது என்கிற வேலை. அதை நம்பித்தான் மகளை வேலூரில் நர்சிங் படிக்க வைத்திருந்தான். அந்த வருஷம்தான் அவனை நிரந்தரம் செய்யச் சொல்லி மேலே எழுதியிருந்தோம். அவன் மேல் ஒரு புகார் போனால் போதும், எல்லாம் கெட்டுவிடும். அது அவனுக்கும் தெரியும். அந்த நாட்களில் இருமுவதற்குக்கூட என்னிடம் அனுமதி கேட்பவன்போல இருந்தான்.

செருப்போடு காவலுக்கு வருகிறான் என்று நான் திட்டிக்கொண்டே இருந்ததால், ஒரு நாள் காண்ட்ராக்டர் ஆள் சதீஷின் பைக்கில் தொற்றிக்கொண்டு ஆம்பூர் போய் ஷூ வாங்கி வந்தான். சதீஷ் கீழே டவுன் பையன். வாராவாரம் வந்து டென்ட் அடித்து, ஞாயிறு வரை அங்கேயே தங்கிப் பிரித்துக்கொண்டு போவான். சடையப்பனுக்கு நல்ல தோஸ்த்து. ஆம்பூர் ரோட்டோரத்தில் ரிஜெக்ட் ஷூவைக் குவித்து வைத்து விற்பார்கள். வெளிநாட்டுக்குப் போக வேண்டியது, தையல் கோணலாகவோ பசை வழிந்தோ தள்ளுபடியானது. சடையப்பன் காலை முன்னும் பின்னும் திருப்பிக் காட்டினான்.

“பாரின் மலையேறவனுங்க போடறது சார். எப்டிக்கீது?”

“ஓடிப்போறதுக்கு நல்லா இருக்கும்” என்றேன். அவன் சிரித்தான். நான் வேடிக்கைக்குத்தான் சொன்னேன். ஆனாலும் சொல்லிவிட்டு அவன் முகம் மாறுகிறதா என்று பார்க்காமல், காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு திங்கட்கிழமை காலை. விருந்தாளிகள் முந்தின நாளே இறங்கிவிட்டார்கள். நானும் கார்டு ஏழுமலையும் கல் வரிசையை ஒட்டி நடந்தோம். ஏழுமலைக்குச் சொந்த ஊர் கலவை பக்கம். சுறுசுறுப்பானவன், கொஞ்சம் அதிகமாகவே சுறுசுறுப்பு. கல்லைத் தாண்டி, ஓடை ஓரத்தில் ஒரு வயதான சந்தன மரம் உண்டு. அதன் பட்டையில் இடுப்பு உயரத்தில் ஒரு சின்ன சதுரம் மட்டும் நிறம் மாறித் தெரிந்தது. கிட்டே போய் விரலால் தொட்டேன். ஈர மண். ஓடைக்கரை மண் அங்கே கருப்பு, இது செம்மண். கிரவுண்டில் கூடார முளை அடிக்கும் இடத்து மண்.

மண்ணைச் சுரண்டினால் உள்ளே உளியால் குடைந்த ஓட்டை. வைரம் பாய்ந்திருக்கிறதா, அதாவது நடுக்கட்டை முற்றியிருக்கிறதா என்று பார்த்திருக்கிறார்கள். சந்தன மரத்தில் வைரம்தான் வாசனை, வைரம்தான் விலை. பாயாத மரத்தை வெட்டி எவனும் ஜெயிலுக்குப் போக மாட்டான். அதனால் முதலில் ஒருவன் வந்து இப்படி ஜன்னல் வெட்டிப் பார்த்து, பட்டையை மூடி மண் பூசிவிட்டுப் போவான். தேறிய மரத்துக்குப் பிறகு ரம்பத்தோடு வருவார்கள். ஓட்டைக்குள் மூக்கை வைத்தேன். மணந்தது. அந்த மரம் தேறிவிட்டது.

“சார், இங்க வந்து பாருங்க” என்றான் ஏழுமலை. ஓடைச் சேற்றில் ஷூ தடம். இரண்டு கால்களும் தெளிவாகப் பதிந்திருந்தன. ஒன்றின் அடியில் அலை அலையாகக் கோடு; இன்னொன்றில் வட்ட வட்டப் புள்ளி. ஒரே ஆளின் இரண்டு கால், இரண்டு விதமான சோல்.

ஏழுமலைக்கு முகம் மலர்ந்துவிட்டது. “இது நம்ம சடையப்பன் ஷூ சார். கொட்டாயாண்ட கவுத்து மாட்டியிருந்தான், பாத்தேன். ஒண்ணு கோடு, ஒண்ணு புள்ளி. இன்னாடா இது ஜோடி மாறிக்கீதுன்னு அன்னிக்கே நெனச்சேன்.”

அவனே ஓடிப்போய்க் காவல் கொட்டகையில் பார்த்துவிட்டு வந்தான். சடையப்பன் குளிக்கப் போயிருந்தான். ஷூ குச்சியில் இருந்தது. ஒன்று கோடு, ஒன்று புள்ளி. “சரியாப்போச்சு சார்” என்றான்.

சடையப்பனை நான் நம்பினேன் என்று சொல்ல மாட்டேன். யாரையும்தான் நம்பியதில்லையே. ஆனால் அவனாக இருக்கக்கூடாது என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கூடவே இன்னொன்றும் ஞாபகம் வந்தது: ஏழுமலையின் சித்தப்பா மகன் ஒருவனும் எங்களிடம் தினக்கூலிதான். சடையப்பன் போனால் ஒரு இடம் காலி. இதையும் மனதில் ஓரமாக வைத்துக்கொண்டேன்.

மேடம் வந்து சேருவதற்குள் சமையல் கொட்டகையிலிருந்து பேசின்களை எடுத்து வந்து தடங்களின் மேல் கவிழ்த்துவிட்டோம். அது அவர் முறை. ஆடு மிதிக்கக்கூடாது, வெயில் படக்கூடாது, முக்கியமாக நாங்களே பார்த்துப் பார்த்துப் பேசி முடிவுக்கு வந்துவிடக்கூடாது. வந்ததும் முதலில் மரத்தைப் பார்த்தார். ஓட்டையை மறுபடியும் அதே செம்மண்ணால் மூடச் சொன்னார். பிறகு பேசினைத் தூக்கினார். கரடி, சிறுத்தை கால்தடம் எடுக்க வைத்திருந்த பிளாஸ்டர் மாவைக் கரைத்து, தடத்தைச் சுற்றி அட்டையை வளைத்து நிறுத்தி, ஓரத்திலிருந்து மெதுவாக ஊற்ற வேண்டும். நடுவில் ஊற்றினால் சேறு கரைந்து கோடு அழிந்துவிடும். கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கி அவரே ஊற்றினார். காய்கிறவரை காத்திருந்தோம்.

அதற்குப் பிறகு ஏழுமலை எல்லாவற்றையும் சொன்னான். மேடம் மலையைப் பார்த்தபடி, “சரி, அப்புறம்?” என்றார். “அவன்தான் மேடம், சந்தேகமே இல்ல” என்றான். “சரி, அப்புறம்?” “மலைக்காரனுக்குத்தான மேடம் வைரம் பாஞ்ச மரம் தெரியும்?” அதற்குத் திரும்பிப் பார்த்தார். கிளம்பும்போது என்னிடம் மட்டும் சொன்னார்: “சடையப்பனக் கீழ அனுப்புங்க. காரணம் சொல்ல வேணாம். அடுத்த வாரம் நான் மேலாபீஸ்ல சொல்லித்தான் ஆகணும், பாரஸ்டர். அதுக்கு மேல தள்ளிப்போட முடியாது.”

சடையப்பனைக் கீழ்ப் பூங்காவில் ஊஞ்சல் பக்கம் நிறுத்தினோம். கையில் ஒரு விசில். பிள்ளைகள் ஊஞ்சலில் நின்றுகொண்டு ஆடினால் ஊத வேண்டும். மலையில் பிறந்து சிறுத்தைத் தடம் பார்த்தவனுக்கு அந்த வேலை. ஏன் என்று அவன் என்னைக் கேட்கவில்லை. கேட்காதது எனக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது. தப்பு செய்யாதவன் கேட்க மாட்டானா? கேட்டிருந்தால், தப்பு செய்ததால்தான் பதறிப்போய்க் கேட்கிறான் என்று நினைத்திருப்பேன். சந்தேகக்காரனிடம் மாட்டினவனுக்கு இரண்டு பக்கமும் இடி.

காய்ந்த அச்சுகள் இரண்டும் ஆபீஸ் மேஜையில் கிடந்தன. ஏழுமலை அவற்றை மேலும் கீழுமாக வைத்திருந்தான். எனக்கு அது உறுத்தியது. பேக்கிங்காரி பெற்ற பிள்ளை; இடதை இடது பக்கமும் வலதை வலது பக்கமும் வைத்தால்தான் மனசு ஆறும். உள் வளைவைப் பார்த்து ஜோடியாகச் சேர்த்து வைத்தேன். இடது காலில் கோடு, வலது காலில் புள்ளி. வைத்த கை அப்படியே நின்றது. சடையப்பனுக்கு எந்தக் காலில் கோடு? ஏழுமலை கோடு ஒன்று, புள்ளி ஒன்று என்றுதான் சொன்னான். எந்தக் கால் என்று அவனும் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை.

உடனே கீழ்ப் பூங்காவுக்குப் போனேன். சடையப்பன் ஊஞ்சல் பக்கம் நின்றிருந்தான்.

“இன்னாடா, கால்ல முள்ளு மாதிரி தெரியுது? எடது கால தூக்கு.”

ஊஞ்சல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தூக்கினான். அடியில் வட்ட வட்டமாகப் புள்ளி. “வலது?” அலை அலையாகக் கோடு.

“முள்ளு இல்ல” என்றேன்.

“இல்லியா சார்” என்றான். சுற்றி நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள்.

ஆபீஸுக்குத் திரும்பி வரும்போது எனக்கு நடையே பறந்தது. அம்மா கம்பெனியில் ஒரு பெட்டியில் ஜோடி மாறியிருப்பது தெரிந்தால், அந்தப் பெட்டியைச் சரிசெய்துவிட்டுப் போய்விட மாட்டார்கள். லைனை நிறுத்துவார்கள். கட்டி முடித்த பெட்டிகளையெல்லாம் பிரிப்பார்கள். ஏனென்றால் ஒரு ஜோடி மாறினால் இன்னொரு ஜோடியும் எங்கோ மாறியிருக்கத்தான் வேண்டும். இதன் இடது அங்கே இருக்கும், அதன் வலது இங்கே இருக்கும். அந்த இரண்டாவது பெட்டி கிடைக்கிறவரை யாரும் வீட்டுக்குப் போக முடியாது. அம்மா தாமதமாக வருகிற நாளெல்லாம் இதே கதைதான். கேட்டுக் கேட்டு எங்களுக்குப் பசி போயிருக்கிறது.

ரோட்டோரக் குவியலில் நடந்ததும் இதேதான். கம்பெனியில் ஒரே ஆர்டரில் பாதியில் சோல் மாற்றியிருப்பார்கள். மேலே பார்த்தால் ஒரே ஷூ. கடைக்காரன் மேலே பார்த்து, சைஸ் பார்த்து, லேஸால் இரண்டிரண்டாகக் கட்டிப் போட்டிருப்பான். சடையப்பனுக்குக் கிடைத்தது ஒரு கட்டு. மீந்தது எதிர்க்கட்டு. அதைப் போட்டுக்கொண்டு நடந்தவன்தான் மரத்துக்குக் கீழே நின்றவன்.

மேடத்திடம் சொன்னேன். மலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “சரி, அப்புறம்?” என்று வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. திரும்பி, “அப்ப அந்த இன்னொரு பெட்டி எங்க, பாரஸ்டர்?” என்றார். அவர் திரும்பிப் பார்த்தும் நான் பயப்படாத நாள் அது ஒன்றுதான்.

பெட்டியைத் தேட ஒரு இடம் இருந்தது. சனிக்கிழமை டென்ட் கிரவுண்டு நிரம்பியது. ஞாயிறு காலை, வெளிச்சம் வந்ததும், கூடார வரிசையில் வழக்கம்போல நடந்தேன். எல்லா வாசலிலும் ஷூக்கள் அடியைக் காட்டிக்கொண்டு குச்சிகளில் தொங்கின. தேளுக்காகப் போட்ட விதி எனக்காகப் போட்டதுபோல் ஆகிவிட்டது. சமையல் கொட்டகையில் அடுப்புப் புகை எழுந்தது, யாரோ ஒரு குழந்தை இருமியது, நான் காலைக் காற்று வாங்குகிறவன்போலப் பார்த்துக்கொண்டே போனேன். ஐ.டி. கம்பெனிக்காரர்கள், வேலூர் டாக்டர் குடும்பம், ஒரு சபையிலிருந்து வந்த வாலிபர்கள். எல்லாம் ஒழுங்கான ஜோடி.

வரிசைக் கடைசியில் சதீஷின் கூடாரம். இடது காலில் கோடு, வலது காலில் புள்ளி.

சடையப்பனைப் பைக்கில் கூட்டிப்போன அன்றைக்கு இவனும் ஒரு கட்டு வாங்கியிருக்கிறான். அங்கேயே நின்றால் அவனுக்குத் தெரிந்துவிடும். நடந்துகொண்டே இருந்தேன். கூடாரத்துக்குள்ளிருந்து சதீஷ் தலையை நீட்டி, “இன்னா சார், தேள் எதனா கெடைச்சுதா?” என்றான்.

“இன்னும் இல்லப்பா” என்றேன்.

தடம் மட்டும் போதாது, ஆளே மரத்துக்கு வரட்டும் என்றார் மேடம். சதீஷை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் டென்ட்டைப் பிரித்து, சிரித்துப் பேசி, சமையல்காரப் பெண்களிடம் சொல்லிக்கொண்டு இறங்கிப்போனான். ஏழுமலைக்கும் சொல்லவில்லை, சொல்லாமல் இருந்தது என் யோசனை. வேறு ரேஞ்சிலிருந்து இரண்டு பேரை வரவழைத்து, ஓடைக்கு மேலே பாறை மறைவில் உட்கார்ந்தோம். கிராமம் முழுக்கச் சாமைக் கொல்லையில் வேலைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், பின்பக்கத்து ஒற்றையடிப் பாதையில் மூன்று பேர் வந்தார்கள். முன்னால் சதீஷ். பின்னால் வந்தவன் தோளில் சாக்கு, சாக்குக்குள் கைரம்பம். பட்டையில் ரம்பத்தை வைத்ததும் மேடம் எழுந்து நின்றார்.

“இன்னிக்கு டென்ட்டு இங்கியா போட்டிருக்கீங்க, சதீஷ்?”

அவன் ஓடவில்லை. கால் ஓடவில்லை என்பதுதான் சரி. மற்ற இரண்டு பேர் ஓடினார்கள்; கொஞ்ச தூரம்தான் போக முடிந்தது. மேடம் சதீஷின் ஷூவைக் கழற்றச் சொல்லித் தானே வாங்கி, ஒரு துணியில் சுற்றி வைத்துக்கொண்டார். காண்ட்ராக்ட் போனது, கேஸ் நடந்தது. அதெல்லாம் வழக்கமாக நடப்பதுதான், எழுத வேண்டியதில்லை. ஏழுமலையின் சித்தப்பா மகனைப் பற்றி நான் விசாரித்ததில் ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்று மட்டும்தான் சொல்வேன்.

சடையப்பன் மறுபடி மேலே வந்தான். விசிலை என் கையில் திருப்பிக் கொடுத்தான். அன்று சாயங்காலம் சமையல் கொட்டகையில் இரண்டு பேரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம்.

“எனக்கு அன்னிக்கே தெரியும் சார்” என்றான்.

“எது?”

“முள்ளுன்னு சொல்லி கால தூக்கச் சொன்னீங்களே. ஷூவு போட்ட கால்ல முள்ளு எங்க சார் தெரியும்? ஏழுமல கார்டு பேசனதும் காதுல விழுந்துது. பொண்ணுக்கு போன் பண்ணி, படிப்ப பாதில நிறுத்தறாப்பல ஆனாலும் ஆவும்னு சொல்லிட்டேன். அது அழுவுது. அத்தன நாளு என் காலையே பாத்தீங்க. ஒரு தபா மூஞ்சப் பாத்து கேட்டிருக்கலாம்.”

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

“கேட்டிருந்தா இன்னா சொல்லியிருப்ப?”

“நான் இல்லன்னு சொல்லியிருப்பேன்.”

“செஞ்சவனும் அதத்தானடா சொல்லுவான்?”

கொஞ்சம் யோசித்தான். “அதுவும் சரிதான்” என்று டீயை உறிஞ்சினான்.

அத்தோடு விட்டிருக்கலாம். என்னால் முடியவில்லை. ஏழுமலை சொன்னதும், அதற்கு மேடம் திரும்பிப் பார்த்ததும் என் மண்டையிலேயே இருந்தன. அந்த ஓடையோரம் எத்தனையோ சந்தன மரம். டவுன் பையன் எப்படிச் சரியாக அந்த மரத்தில் உளியை வைத்தான்? கேட்டே விட்டேன்.

“அந்த மரத்துலதான் வைரம் இருக்குதுன்னு சதீஷுக்கு யாரு சொன்னது?”

“நான்தான் சார் சொன்னேன்.”

டம்ளரைக் கீழே வைத்தேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டு சொன்னான்.

“அவனுக்கு மட்டுமா சொன்னேன்? டென்ட்டுல வந்தவங்க எல்லாருக்கும்தான் சொன்னேன். காலைல கல்லாண்ட கூட்டிக்கினு போய் நிறுத்து, இது வயசான மரம், உள்ள வைரம் பாஞ்சிருக்கும்னு காட்டு, ஜனங்களுக்கு காட்டு மேல பாசம் வரும்னு நீங்கதான சார் சொன்னீங்க?”

ஆமாம், அது நாங்கள் வகுத்த காலை நடை. அறிவிப்புப் பலகைக்கு வாசகம் எழுதியதுகூட நான்தான். எல்லாப் பையையும் மோந்து பார்த்து மேலே அனுப்பிவிட்டு, மேலே வந்தவர்களுக்கு நாங்களே மரத்தை அடையாளம் காட்டிக்கொண்டிருந்தோம். அடுத்த வாரத்திலிருந்து காலை நடையில் நாவல் மரத்தைக் காட்டினோம். நாவலைத் திருட யாரும் வர மாட்டார்கள் என்ற நம்பிக்கைதான். அதுவும் முழு நம்பிக்கை என்று சொல்ல மாட்டேன்.

சடையப்பனுக்கு வேலை நிரந்தரம் ஆனது. அவன் மகள் இப்போது நர்ஸ். அவன் பதில் முழு உண்மைதானா என்று அதற்குப் பிறகும் எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். அவன் சொன்னதில் ஓட்டை எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஓட்டையே இல்லாத பதில் என்றால் எனக்குத் தூக்கம் வராது. என் பிறவி அப்படி.

நான் ஓய்வு பெற்ற அன்று கீழ்ப் பூங்காவில், சிமெண்ட் யானைக்குப் பக்கத்தில் பந்தல் போட்டுப் பாராட்டு வைத்தார்கள். மேடம் மாற்றலாகிப் போன ஊரிலிருந்து வந்திருந்தார். சால்வை, மாலை எல்லாம் முடிந்தபின் சடையப்பன் ஒரு ஷூ பெட்டியோடு மேடைக்கு வந்தான். ரோட்டோரக் கட்டு இல்லை, கடைப் பெட்டி. “பிரிங்க சார்” என்று எல்லோரும் சத்தம் போட்டார்கள். பிரித்தேன். பளபளவென்று கருப்பு ஷூ. நான் நினைக்கவில்லை, என் கை தானாகச் செய்தது: இரண்டையும் எடுத்துக் கவிழ்த்து அடியைப் பார்த்தேன். இடது, வலது. ஒரே ஜோடி.

பந்தலே சிரித்தது. மேடம் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். சடையப்பன் மட்டும் சிரிக்கவில்லை.

“நீங்க பாப்பீங்கன்னு தெரியும் சார். கடையிலியே நானும் திருப்பிப் பாத்துட்டுத்தான் வாங்கனேன். சரியாக்கீதா?”

“சரியா இருக்குதுடா.”

“அப்ப இன்னிக்காவது என் மூஞ்சப் பாருங்க.”

நிமிர்ந்து பார்த்தேன். அவனுக்கு இடது புருவத்தின் மேல் ஒரு பழைய வெட்டுத் தழும்பு இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.